தேர்வுகளின் உள்ளமைப்பை ஒப்பிடும் முறை

ஒரே வினாத்தாளைப் பல மொழிகளில் பெயர்த்து வழங்கினால், மாணவர் பெறும் மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் தகுமா? 2021 நவம்பர் 12-ஆம் நாள் நடைபெற்ற தேசிய அடைவு ஆய்வில் 22 பயிற்று மொழிகளில் வினாத்தாள்கள் அளிக்கப்பட்டன. ஆதலின், இவ்வினா நம் நாட்டிற்கு மிகவும் இன்றியமையாதது.

ஒரு தேர்வு எத்திறன்களை அளக்கின்றது என்பதை மொத்த மதிப்பெண் புலப்படுத்தாது. அதன் பகுதிகளுக்கிடையேயுள்ள ஒட்டுறவே புலப்படுத்தும். 1904-இல் ஸ்பியர்மன் இவ்வொட்டுறவைப் பொதுக் காரணி ஒன்றினால் விளக்கினார். 1938-இல் தர்ஸ்டன் அடிப்படைத் திறன்கள் பல உண்டு என்று கூறினார். ஒரு பகுதி ஒரு காரணியை எவ்வளவு சார்ந்துள்ளது என்பதைக் காட்டும் எண் காரணிச் சுமை எனப்படும்.

கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். கூட்டல், பெருக்கல், பின்னம், வழிக்கணக்கு ஆகிய நான்கு பகுதிகளுக்குக் கணக்குத் திறன் என்னும் காரணியின் சுமைகள், தாய்மொழியில் தேர்வெழுதிய குழுவில் முறையே 0.7, 0.6, 0.5, 0.7, பிறமொழியில் எழுதிய குழுவில் 0.8, 0.7, 0.6, 0.1 எனக் கொள்க. 1951-இல் டக்கர் பயன்படுத்திய ஒப்புமைக் கெழுவைக் காண, இணையான சுமைகளைப் பெருக்கிக் கூட்டவேண்டும், அது 1.35. ஒவ்வொரு குழுவின் சுமைகளையும் வர்க்கித்துக் கூட்டினால் 1.59, 1.50 கிடைக்கும். இவ்விரண்டின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலம் ஏறத்தாழ 1.54. முன்னதைப் பின்னதால் வகுக்க, கெழு 0.87 ஆகும்.

கெழு 0.95-க்குக் குறையாதிருந்தால் இரு காரணிகளும் ஒன்றே எனலாம், 0.85 முதல் 0.94 வரை ஓரளவு ஒப்புமையே உண்டு என்பது வழக்கம். வழிக்கணக்கை நீக்கினால் கெழு ஏறத்தாழ 1 ஆகிவிடுகின்றது. எனவே வேறுபாடு அப்பகுதியிலேயே உள்ளது. அங்கே பிறமொழிக் குழுவினரிடம் கணக்கறிவைவிட வாசிப்புத் திறனே அளக்கப்பட்டிருக்கலாம். அம்மாணவனைக் கணக்கில் பின்தங்கியவன் என முடிவு கட்டுதல் நீதியாகாது.

எனினும், இக்கெழு சுமைகளின் விகிதத்தை மட்டுமே நோக்கும், அளவை நோக்காது. மேற்கூறிய மூன்று பகுதிகளிலும் சுமைகள் வேறாக இருந்தும் கெழு 1-ஐ நெருங்கியது இதனாலேயே. சுமைகள் உண்மையிலேயே சமமா என்று சோதிக்க, பல குழுக்களை ஒருங்கே ஆராயும் முறையை 1971-இல் யோரஸ்கொக் வகுத்தளித்தார்.

இவ்வாய்வுகள் யாவும் களத்திலிருந்து வரும் விவரங்களையே நம்பியுள்ளன. ஆகையால் களப்பணியாளரும் ஆசிரியரும் மொத்த மதிப்பெண்ணோடு நில்லாமல், வினாவாரியான விடைகளையும், மாணவரின் வீட்டு மொழியையும், தேர்வெழுதிய மொழியையும் தவறாது பதிவு செய்தல் வேண்டும். வினாவைத் தம் சொற்களில் விளக்க முற்படுதலும் கூடாது. அவ்வாறு செய்தால், அளக்கப்படும் பொருளே மாறிவிடக்கூடும்.