மூன்றாவது இறக்கத்தில் கிடைத்த நியாயம்

2022 பிப்ரவரி 11. சீனாவின் ஜாங்ஜியாகோவில் குளிர்கால ஒலிம்பிக்கின் ஆண்கள் ஹாஃப்பைப் ஸ்னோபோர்டிங் இறுதிப் போட்டி. இந்த விளையாட்டில் உனக்கு ரொம்பப் பிடித்த நாள் எது என்று யார் கேட்டாலும் இந்தத் தேதியைத்தான் சொல்வேன். ஜப்பானின் அயுமு ஹிரானோ அன்று ஒரே சாகசத்தை இரண்டு முறை செய்து காட்ட வேண்டியிருந்தது. முதல் முறை அவர் குறையின்றிச் செய்தும், உரிய மதிப்பெண்ணை நடுவர்கள் தரவில்லை.

ஹாஃப்பைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஒரு ராட்சதக் குழாயை நீளவாக்கில் பிளந்து மலைச்சரிவில் கிடத்தியது போன்ற பனிப்பள்ளம் அது. இருபக்கமும் 22 அடிச் சுவர். இரண்டு கால்களையும் பலகையில் பூட்டிக்கொண்டு வீரர் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் பாய்வார். விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் எழும்பி, சுழன்று, பலகையை ஒரு கையால் பற்றி, மறுபடி அதே சுவரில் இறங்குவார். ஓர் இறக்கத்தில் இப்படி ஐந்தாறு பாய்ச்சல்கள். இறுதிப் போட்டியில் மூன்று வாய்ப்புகள், அவற்றில் சிறந்தது மட்டுமே கணக்கு. ஆறு நடுவர்கள் 100க்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு, மீதி நான்கின் சராசரியை எடுப்பார்கள்.

ஹிரானோ அன்று கையில் வைத்திருந்த ஆயுதம் ட்ரிபிள் கார்க் 1440. உடலைச் சாய்த்து மூன்று முறை தலைகீழாகப் புரண்டுகொண்டே நான்கு முழுச் சுற்றுகள். அதை முதன்முதலில் ஒரு போட்டியில் செய்து இறங்கியவரும் அவர்தான், 2021 டிசம்பரில். கழுத்தோ முதுகோ போய்விடக்கூடிய வித்தை. 2017இல் நடந்த ஒரு விபத்தில் கல்லீரலும் முழங்காலும் காயப்பட்டு மீண்டவர் அவர். அந்த ஆபத்தைத் தெரிந்தேதான் மேலே எழும்பினார்.

முதல் வாய்ப்பில் வழுக்கினார். இரண்டாவதில் ட்ரிபிள் கார்க்கில் தொடங்கி ஐந்து பாய்ச்சல்களையும் சுத்தமாக முடித்தார். மதிப்பெண் திரையில் வந்த எண் 91.75. ஆஸ்திரேலியாவின் ஸ்காட்டி ஜேம்ஸ் 92.50உடன் முதலிடத்திலேயே நின்றார். கூட்டம் முணுமுணுத்தது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் தாமே போட்டியிட்ட வர்ணனையாளர் டாட் ரிச்சர்ட்ஸ் நேரலையிலேயே கொதித்தார். ஜேம்ஸ் அபாரமான வீரர், அவர் மீது எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்று ஹிரானோ செய்ததற்கு மேல் ஒருவரும் செய்யவில்லை.

மூன்றாவது வாய்ப்பில் கடைசியாக இறங்கியவர் ஹிரானோ. அதே ஐந்து பாய்ச்சல்கள், அதே வரிசை. முதல் சுவரில் அவர் மேலெழும்பும்போது பாருங்கள்: உடல் பதறவே பதறாது, தேவையில்லாத ஓர் அசைவு இராது. இறங்கும்போது பலகை சுவரோடு ஒட்டிக்கொண்டு நழுவும். அதுதான் நல்ல இறக்கத்துக்கு அடையாளம். இந்த முறை 96.00, தங்கம். இரண்டாவது மதிப்பெண்ணை ஏற்க முடியவில்லை என்றும், அந்தக் கோபத்தைக் கடைசி இறக்கத்தில் காட்டினேன் என்றும் பிறகு சொன்னார். 2014இலும் 2018இலும் வெள்ளியோடு திரும்பியவர் அவர்.

முடிவு சுபம்தான். என் ஆதங்கம் மட்டும் தீரவில்லை. ஒரு முறை உயிரைப் பணயம் வைத்தவரை, நடுவர் மேசையின் தவறுக்காக இன்னொரு முறை பணயம் வைக்கச் சொல்வது என்ன நியாயம்? அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் ஸ்லோப்ஸ்டைல் (தடைகளும் தாவுமேடைகளும் உள்ள சரிவில் நடக்கும் ஸ்னோபோர்டிங்) போட்டியிலும் இப்படி ஆனது. கனடாவின் மேக்ஸ் பாரட் பலகைக்குப் பதில் முழங்காலைப் பிடித்ததை நடுவர்கள் கவனிக்கவில்லை. அவர் தங்கம் வென்றார், சீனாவின் சூ யிமிங்குக்கு வெள்ளி. எங்களுக்குக் கிடைத்தது ஒரே கேமரா கோணம்தான் என்று தலைமை நடுவரே பிறகு ஒப்புக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகனுக்குக் கிடைக்கும் மறுஒளிபரப்பு நடுவருக்கும் கிடைக்க வேண்டாமா?

இத்தனைக்குப் பிறகும் இந்த விளையாட்டை நான் விடாமல் பார்ப்பதற்குக் காரணம் வீரர்களேதான். யார் நன்றாகச் செய்தார் என்பது மதிப்பெண் வருவதற்கு முன்னதாகவே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை மறைப்பதும் இல்லை. ஹிரானோவின் வெற்றிக்குச் சில நாள் முன்பு நடந்த பெண்கள் ஸ்லோப்ஸ்டைல் இறுதியைப் பாருங்கள். முதலிடத்தில் இருந்தவர் அமெரிக்காவின் ஜூலியா மரினோ. கடைசியாக இறங்கிய நியூசிலாந்தின் ஜோயி சடோவ்ஸ்கி-சின்னட் அற்புதமாக முடித்து நின்றதுமே, மரினோவும் ஆஸ்திரேலியாவின் டெஸ் கோடியும் ஓடிப்போய் அவர் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். தன் கையிலிருந்த தங்கம் போகிறது என்று மரினோவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? குளிர்கால ஒலிம்பிக்கில் நியூசிலாந்துக்கு அதுதான் முதல் தங்கம்.

அடுத்த முறை ஹாஃப்பைப் இறுதிப் போட்டி வரும்போது துணுக்கு வீடியோவோடு நிறுத்திவிடாதீர்கள். முழுப் போட்டியையும் உட்கார்ந்து பாருங்கள். எவ்வளவு உயரம் எழும்பினார், பலகையை எவ்வளவு நேரம் பிடித்திருந்தார், எப்படி இறங்கினார் என்று கவனியுங்கள். நடுவர்களின் எண் திரையில் வருவதற்கு முன்பே உங்கள் மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.