தோட்டாக்களின் தரக் குறைபாடுகள்

தோட்டாக்களின் தரக் குறைபாடுகள் என்பன தொழிற்சாலைகளில் பெருந்தொகையாகச் செய்யப்படும் துப்பாக்கித் தோட்டாக்கள், பீரங்கிக் குண்டுகள், கண்ணிவெடிகள் முதலியவற்றில் உற்பத்தியின்போதோ சேமிப்பின்போதோ ஏற்படும் பழுதுகள் ஆகும். மின்விளக்கு, கைக்கடிகாரம் போன்ற பொருட்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்துவிட்டு விற்பனைக்கு அனுப்பலாம். தோட்டாவை அவ்வாறு சோதிக்க இயலாது. சுட்டுப் பார்த்த தோட்டா மீண்டும் பயன்படாது. எனவே ஒரு தோட்டாவின் மீதுள்ள நம்பிக்கை, அதனுடன் ஒரே தொகுதியில் செய்யப்பட்டு, சோதனையில் சுடப்பட்ட வேறு தோட்டாக்களின் மீதுள்ள நம்பிக்கையே ஆகும். மாதிரிச் சோதனை, தொகுதி எண், சேமிப்புப் பதிவு ஆகிய மூன்றும் இத்துறையில் இன்றியமையாதனவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இக்குறைபாடுகள் படையினரையும் காவல்துறையினரையும் மட்டும் பாதிப்பன அல்ல. தமிழ்நாட்டின் தருமபுரி போன்ற காட்டோர மாவட்டங்களில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் உழவர்களுக்கும் இவை உயிர் தொடர்பானவை.

தோட்டாவின் உறுப்புகள்

தற்காலத் தோட்டா ஒன்றில் நான்கு உறுப்புகள் உள்ளன.

- உறை: பெரும்பாலும் பித்தளையால் ஆனது. சிதறுகுண்டுத் துப்பாக்கியின் தோட்டாவில் அடிப்பகுதி உலோகத்தாலும் மேற்பகுதி நெகிழி அல்லது தடித்த தாளாலும் ஆனது.
- எரியூட்டி: உறையின் அடியில் பொருத்தப்பட்ட சிறு கிண்ணம். பிரைமர் என்றும் வழங்கப்படுகிறது. துப்பாக்கியின் ஊசி தாக்கும்போது தீப்பொறியை உண்டாக்குவது இதுவே.
- உந்துமருந்து: எரிந்து வளிமங்களாக மாறி, குண்டை முன்னோக்கித் தள்ளும் வெடிமருந்து.
- குண்டு: குழலின் வழியே வெளியேறும் பகுதி. சிதறுகுண்டுத் தோட்டாவில் ஒரு குண்டுக்குப் பதிலாகப் பல ஈய ரவைகள் இருக்கும்.

இந்நான்கும் ஒரு சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. ஊசி தாக்கியதும் எரியூட்டி, உந்துமருந்து, குண்டு ஆகியன ஒன்றையடுத்து ஒன்று மிகக் குறுகிய நேரத்தில் செயற்படுகின்றன. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் அதற்கேற்ற வகையில் ஒரு குறைபாடு வெளிப்படும்.

குறைபாடுகளின் வகைகள்

- சுடாமை: ஊசி தாக்கியும் தோட்டா சுடாதிருத்தல். எரியூட்டி ஈரமடைந்திருத்தல், அது உரிய ஆழத்தில் பொருத்தப்படாமை ஆகியன காரணங்கள். துப்பாக்கியின் ஊசி தேய்ந்திருந்தாலும் வில்சுருள் தளர்ந்திருந்தாலும் இதே விளைவு தோன்றும். ஆகவே எல்லாச் சுடாமையும் தோட்டாவின் குறையன்று.
- தாமதச் சுடுகை: ஊசி தாக்கிச் சிறிது நேரம் கழித்துச் சுடுதல். முதலில் இது சுடாமையைப் போலவே தோன்றும். துப்பாக்கியை உடனே திறப்பவரின் முகத்தருகே தோட்டா வெடிக்கக்கூடும்.
- குறைச் சுடுகை: உந்துமருந்து குறைவாக இருப்பதாலோ முழுதும் இல்லாததாலோ குண்டு வெளியேறாமல் குழலின் நடுவே தங்கிவிடுதல். வழக்கமான ஓசையும் உதைப்பும் இராது. அதை உணராமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், அடைபட்ட குழல் பிளக்கக்கூடும்.
- மிகையழுத்தம்: உந்துமருந்து அளவுக்கு மிஞ்சி இருப்பதாலோ வேகமாக எரிவதாலோ குழலினுள் அழுத்தம் எல்லை கடத்தல்.
- உறைப் பிளவு: உறையின் சுவர் கிழிந்து, வெப்ப வளிமங்கள் சுடுபவரை நோக்கிப் பின்புறமாகக் கசிதல்.
- அளவுப் பிழை: உறையோ குண்டோ குறித்த அளவில் இல்லாததால் துப்பாக்கி அறையில் சிக்கிக்கொள்ளுதல்.

பீரங்கிக் குண்டுகளில் மேலும் இரு வகைகள் உள்ளன. இலக்கில் விழுந்தும் வெடிக்காமல் கிடத்தல் ஒன்று. குழலை விட்டு நீங்கும் முன்பே வெடித்தல் மற்றொன்று. முன்னது போர் முடிந்த பின்னும் நிலத்தில் புதைந்து கிடந்து உழவரைக் கொல்கிறது. பின்னது பீரங்கியை இயக்குவோரையே கொல்கிறது.

தொழிற்சாலைகளில் குறைபாடுகள் உயிர்க்கேடானவை, பெரியவை, சிறியவை எனத் தரம் பிரிக்கப்படுகின்றன. உறையில் ஒரு கீறல் சிறு குறைபாடாகக் கொள்ளப்படலாம். உந்துமருந்து இல்லாத தோட்டா உயிர்க்கேடானது. மாதிரியில் அத்தகைய ஒன்று காணப்பட்டாலும் தொகுதி முழுவதும் நிறுத்திவைக்கப்படுவது வழக்கம்.

மாதிரிச் சோதனை

தோட்டாவின் நீளம், எடை, எரியூட்டியின் ஆழம் போன்றவற்றை எல்லாத் தோட்டாக்களிலும் இயந்திரங்களால் அளக்கலாம். அழுத்தம், வேகம், சுடும் திறன் ஆகியவற்றைச் சுட்டுத்தான் அறிய முடியும். ஆதலால் ஒரே மூலப்பொருட்களைக் கொண்டு, ஒரே முறையில், தொடர்ந்து செய்யப்பட்டவை ஒரு தொகுதியாகக் கொள்ளப்பட்டு, அதிலிருந்து தற்செயலாக எடுக்கப்பட்ட மாதிரிகள் சுடப்படுகின்றன.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பெரும் தொகுதியில் நூற்றுக்கு இரண்டு தோட்டாக்கள் பழுதானவை எனக் கொள்வோம். அதிலிருந்து 50 தோட்டாக்களை எடுத்துச் சுட்டால், பழுதான ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 36 விழுக்காடு ஆகும். 150 தோட்டாக்களைச் சுட்டால் அவ்வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடாகக் குறைகிறது. மாதிரியின் அளவு கூடக்கூட ஐயம் குறையும், செலவு கூடும். எந்த அளவு ஐயத்தை ஏற்பது என்பதே தரக் கட்டுப்பாட்டின் மையக் கேள்வி.

இக்கேள்விக்குக் கணித அடிப்படையில் விடை காணும் முயற்சி 1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகங்களில் வளர்ந்தது. வால்டர் ஷூவார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். அரால்டு டாட்ஜ், அரி ரோமிக் ஆகியோர் மாதிரிச் சோதனை அட்டவணைகளை அமைத்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைத்துறை இம்முறைகளைப் பரவலாகக் கையாண்டது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் முயற்சியால் 1947-48இல் ஷூவார்ட் இந்தியாவுக்கு வந்தார். புள்ளியியல்வழித் தரக் கட்டுப்பாடு இந்நாட்டில் பரவ அவ்வருகை துணைசெய்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2500 என்னும் தரநிலை மாதிரிச் சோதனை முறைகளை வரையறுக்கிறது.

சோதனையைச் சுருக்கினால் நேர்வதற்கு மார்க் 14 எனப்படும் அமெரிக்க நீர்மூழ்கிக் கணை சான்றாகும். விலை மிகுந்தது என்பதால் போருக்கு முன் உண்மையான வெடிமருந்துடன் அது போதிய அளவு சோதிக்கப்படவில்லை. போர் தொடங்கிய பின், குறித்ததைவிட ஆழமாகச் செல்லுதல், முன்கூட்டியே வெடித்தல், இலக்கில் மோதியும் வெடியாமை ஆகிய குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. அவற்றைத் திருத்த 1943ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை ஆயிற்று.

தொகுதி எண்

ஒவ்வொரு தோட்டாப் பெட்டியின் மீதும் தொகுதி எண் பொறிக்கப்படுகிறது. எங்கோ ஒரு தோட்டா பழுதானால், இந்த எண்ணைக் கொண்டு அதனுடன் பிறந்த மற்றத் தோட்டாக்கள் எந்தெந்தக் கிடங்குகளில் உள்ளன என்று கண்டறிந்து, அவற்றின் பயன்பாட்டை நிறுத்தலாம். எண் அழிந்தாலோ வெவ்வேறு தொகுதிகளின் தோட்டாக்கள் ஒரே பெட்டியில் கலந்தாலோ இவ்வழி அடைபடுகிறது. பின்னர் நல்ல தோட்டாக்களையும் சேர்த்து அழிக்க வேண்டும். இல்லையேல் பழுதானவற்றையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

சேமிப்பில் தோன்றும் குறைபாடுகள்

தொழிற்சாலையில் எல்லாச் சோதனைகளிலும் தேறிய தோட்டா பின்னர்க் கெட்டுப்போவதும் உண்டு.

பித்தளை உறையின் பிளவு: பிரித்தானியர் ஆட்சிக் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரைக் கொட்டில்களில் சேமிக்கப்பட்ட தோட்டாக்களின் உறைகள் தாமாகவே வெடிப்புற்றன. மழைக்காலத்தை ஒட்டி நிகழ்ந்தமையால் இது பருவ வெடிப்பு எனப் பெயர் பெற்றது. 1921இல் இதன் காரணம் விளக்கப்பட்டது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றுடன் சேர்ந்து, உறையை உருவாக்கும்போது உலோகத்தினுள் தங்கிவிட்ட இழுவிசை உள்ள இடங்களைத் தாக்கியிருந்தது. உறைகளை உருவாக்கிய பின் மிதமாகச் சூடேற்றி அவ்விசையைத் தணிப்பதே தீர்வாயிற்று. கிடங்கில் வெளிப்பட்ட ஒரு குறைக்கு மருந்து தொழிற்சாலையில் இருந்தது என்பது இந்நிகழ்வின் சிறப்பு.

உந்துமருந்தின் சிதைவு: புகையற்ற உந்துமருந்தின் அடிப்படையான நைட்ரோசெல்லுலோசு காலப்போக்கில் தானே சிதைகிறது. அப்போது வெளிவரும் நைட்ரசன் ஆக்சைடுகள் சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றன. இதைத் தடுக்க நிலைப்படுத்தும் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. அவை மெல்லமெல்லத் தீர்ந்துவிடும்; வெப்பம் மிகுந்த இடத்தில் விரைவாகத் தீரும். எனவே கிடங்கிலுள்ள உந்துமருந்தில் நிலைப்படுத்தி எவ்வளவு எஞ்சியுள்ளது என்று குறித்த கால இடைவெளிகளில் சோதிப்பர். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907இல் யேனா என்ற போர்க்கப்பலும் 1911இல் லிபர்தே என்ற போர்க்கப்பலும் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நிலைத்தன்மை இழந்த உந்துமருந்தே இவற்றுக்குக் காரணமாகக் கருதப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவின் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் நீண்டகாலம் படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியத்தின் கீழ் இயங்கின. 2021 அக்டோபர் 1 அன்று வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. தோட்டா, வெடிமருந்து ஆகியவற்றைச் செய்யும் 12 தொழிற்சாலைகள் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிசன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தன. படைகளுக்கு வழங்கப்படும் பொருட்களின் தரத்தைத் தர உறுதிப்பாட்டுத் தலைமை இயக்ககம் ஆய்வு செய்கிறது. செய்பவரும் சோதிப்பவரும் வேறு வேறானவர்களாக இருக்க வேண்டும் என்பது இவ்வேற்பாட்டின் நோக்கம்.

2016 மே 31 அன்று மகாராட்டிர மாநிலம் வார்தா மாவட்டத்தின் புல்காவ் நடுவண் வெடிபொருள் கிடங்கில் ஏற்பட்ட தீயில் அதிகாரிகள் இருவர் உட்பட 16க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோரில் பலர் தீயணைப்புப் பணியினர் ஆவர். கவச ஊர்திகளை எதிர்க்கும் கண்ணிவெடிகளில் நிரப்பப்பட்டிருந்த டி.என்.டி. வெளியே கசிந்தமை இவ்விபத்துடன் தொடர்புபடுத்தப்பட்டது. பழுதான தொகுதிகளை அடையாளம் காண்பதோடு பணி முடிவதில்லை, அவற்றைப் பிரித்து வைத்துக் காலந்தாழ்த்தாமல் அழிக்கவும் வேண்டும் என்பதை இவ்விபத்து உணர்த்திற்று.

2020 செப்டம்பரில் தரைப்படையின் உள்ளக அறிக்கை ஒன்று செய்தி ஏடுகளில் வெளியாயிற்று. 2014 முதல் பழுதான வெடிபொருட்களால் ஏறத்தாழ 960 கோடி உரூபாய் இழப்பு ஏற்பட்டதாகவும், விபத்துகளில் 27 படையினர் உயிரிழந்ததாகவும் அதில் கூறப்பட்டிருந்தது. வாரியம் இதை மறுத்தது. விபத்துகளில் ஏறத்தாழ 19 விழுக்காடு மட்டுமே தன்னால் வழங்கப்பட்ட பொருட்களின் குறையால் நேர்ந்தவை என்றும், ஏனையவற்றுக்குப் படைக்கலப் பராமரிப்பு, சுடும் முறை, வடிவமைப்பு முதலியன காரணம் என்றும் அது கூறியது. வெடித்துச் சிதறிய பொருளிலிருந்து காரணத்தைத் தேடுவது எத்துணை அரிது என்பதை இவ்விவாதம் காட்டுகிறது. தொகுதிப் பதிவும் எஞ்சிய மாதிரிகளுமே இத்தகைய வழக்கில் நடுநிலைச் சான்றுகள்.

தமிழ்நாட்டில்

நீலகிரி மாவட்டம் குன்னூருக்கு அருகிலுள்ள அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை உந்துமருந்து செய்கிறது. கார்டைட் என்பது 1889இல் பிரெடெரிக் ஏபல், சேம்சு திவார் ஆகியோரால் காப்புரிமை பெறப்பட்ட புகையற்ற உந்துமருந்து ஆகும். திருச்சிராப்பள்ளியில் தாங்கிக் குண்டுகளுக்கான அடர் உலோகக் கலவை ஊடுருவிகளைச் செய்யும் தொழிற்சாலையும், 1966 முதல் துப்பாக்கிகளைச் செய்யும் படைக்கலத் தொழிற்சாலையும் உள்ளன. துப்பாக்கி ஓரிடத்திலும் உந்துமருந்து வேறிடத்திலும் தோட்டா மற்றோரிடத்திலும் செய்யப்படுவதால், ஒவ்வோர் இடத்தின் பிழை எல்லையும் பிறவற்றுடன் பொருந்த வேண்டும்.

2019இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியின் ஐந்து மையங்களுள் ஒசூரும் ஒன்று. 2004இல் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிக்கப்படும் வரை ஒசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது.

தருமபுரி மாவட்டமும் உரிமத் துப்பாக்கிகளும்

தருமபுரி மாவட்டத்தில் தோட்டாத் தொழிற்சாலை கிடையாது, இங்குள்ளோர் பயனர்களே. பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களின் காட்டோர நிலங்களில் யானைகளும் காட்டுப்பன்றிகளும் பயிர்களை அழிக்கின்றன. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும், தற்காப்புக்குச் சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வழங்க இடமளிக்கிறது. வேட்டையாடுதல் 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.

வாய்வழி மருந்திடும் துப்பாக்கியில் மருந்தின் அளவைச் சுடுபவரே முடிவு செய்கிறார். அதற்குத் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு என்பதே இல்லை. தொழிற்சாலைத் தோட்டாவைப் பயன்படுத்துவோர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. உரிமத்தில் குறித்த எண்ணிக்கையில் வாங்கிய தோட்டாக்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படாமல் வீட்டிலேயே இருப்பதுண்டு. ஓட்டுக் கூரையின் கோடை வெப்பம், மழைக்கால ஈரம், உரமூட்டைகள், மாட்டுக் கொட்டிலின் அம்மோனியா ஆகியவை அவற்றைத் தாக்கலாம். நூறாண்டுகளுக்கு முன் குதிரைக் கொட்டில்களில் நேர்ந்தது மாட்டுக் கொட்டில்களிலும் நேரக்கூடும்.

பயனர் கடைப்பிடிக்க வேண்டியவை

- தோட்டா சுடவில்லையெனில் குழல்முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்திருந்து, குறைந்தது அரை நிமிடம் காத்திருந்த பின்னரே துப்பாக்கியைத் திறக்க வேண்டும்.
- ஓசையோ உதைப்போ வழக்கத்தைவிடக் குறைந்தால் உடனே நிறுத்தித் தோட்டாக்களை அகற்றி, குழலில் அடைப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
- சுடாத தோட்டாவை மீண்டும் சுட முயலுதல், பிரித்துப் பார்த்தல், வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்துதல் ஆகியவை கூடா.
- பச்சைப் படிவு, பிளவு, வீக்கம், தளர்ந்த குண்டு ஆகியன காணப்படும் தோட்டாவைப் பயன்படுத்தக் கூடாது.
- தோட்டாக்களை வாங்கிய பெட்டியிலேயே உலர்ந்த, குளிர்ந்த, பூட்டிய இடத்தில் வைத்து, தொகுதி எண்ணைப் பாதுகாக்க வேண்டும்.
- பழுதான தோட்டாவைப் புதைக்கவோ கிணற்றில் எறியவோ எரிக்கவோ கூடாது. தொகுதி எண்ணுடன் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ தெரிவித்து, அவர்கள் கூறும் முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

கடைசியாகக் கூறப்பட்டது பயனரின் பாதுகாப்புக்கு மட்டும் உரியதன்று. தொழிற்சாலையின் மாதிரிச் சோதனையில் அகப்படாத குறை, பயனரின் கையில்தான் முதன்முதலாக வெளிப்படுகிறது. அவர் அதைத் தெரிவித்தால் மட்டுமே அதே தொகுதித் தோட்டாக்களை வைத்திருக்கும் ஏனையோரை எச்சரிக்க முடியும்.