முட்டைக்கோழிக் கொட்டகைக்கு மஞ்சள் பல்பா, வெள்ளை பல்பா?

மின் கட்டணத்தை மிச்சப்படுத்த, குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. பல்பு போடும் பண்ணையாளர்கள் பலர் வாட்ஸை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். வாட்ஸ் என்பது மின்சாரச் செலவு. ஒளியின் நிறத்தைச் சொல்வது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் கெல்வின் எண். இதுவே நிற வெப்பநிலை.

எண்ணின் பொருள்

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும். சூடு ஏற ஏற மஞ்சளாகி, பிறகு வெளுக்கும். அதே கணக்குதான் இதுவும். 2700 முதல் 3000 கெல்வின் வரை மஞ்சள் ஒளி, 4000 இளவெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. பழைய குண்டு பல்பு சுமார் 2700. பல்பைத் தொட்டால் சுடுவதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

கோழிக்கு எது ஏற்றது?

கோழி கண்ணால் மட்டும் ஒளியை உணர்வதில்லை. சிவப்பு ஒளி மண்டையோட்டை ஊடுருவி, மூளையில் உள்ள ஒளி உணர்விகளைத் தூண்டும். அதனால் முட்டையிடுவதற்கான ஹார்மோன்கள் சுரக்கும். மஞ்சள் ஒளியில் சிவப்பின் பங்கு அதிகம். எனவே முட்டையிடும் கோழிகளுக்கு 2700 முதல் 3000 கெல்வின் பல்பே நல்லது.

நேரமும் வெளிச்சமும்

நிறத்தைவிட ஒளி நேரம் முக்கியம். முட்டையிடும் கோழிக்குப் பகல் வெளிச்சத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஒளி வேண்டும். நம் பகுதியில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். மீதியை விடியற்காலை 4.30 மணி முதல் விடியும் வரையும், பொழுது சாய்ந்தது முதல் இரவு 8.30 மணி வரையும் விளக்குப் போட்டு ஈடுகட்டலாம். கோழியின் தலை உயரத்தில் செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் போதும்.

கவனிக்க வேண்டியவை

• வளரும் பருவக் கோழிகளுக்கு ஒளி நேரத்தைக் கூட்டக் கூடாது. முன்கூட்டியே முட்டையிடத் தொடங்கும். முட்டை சிறுக்கும், முட்டைக்குழாய் வெளித்தள்ளலும் வரும்.

• சுமார் 18 வாரத்தில், உரிய உடல் எடை வந்த பிறகு, வாரம் அரை மணி நேரமாகக் கூட்டுங்கள்.

• முட்டையிடும் காலத்தில் ஒளி நேரத்தைக் குறைக்காதீர்கள். மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வையுங்கள்.

• பல்பில் படியும் தூசியை வாரம் ஒருமுறை துடையுங்கள்.

முட்டை குறைந்தால் தீவனத்தையும் நோயையும் பார்ப்பதோடு, விளக்கையும் பாருங்கள். பல்பு மாற்றிய தேதியையும் முட்டைக் கணக்கையும் ஒரே நோட்டில் குறித்து வந்தால், காரணம் விரைவில் பிடிபடும்.