கையால் சுழற்றும் மோட்டார், உயிர்பெறும் பலகை

மின்சாரம் துண்டிக்கப்பட்ட முப்பரிமாண அச்சுப்பொறியின் தட்டைக் கையால் வேகமாக முன்னும் பின்னும் தள்ளினால், சில பொறிகளின் திரை சட்டென்று ஒளிரும். அந்த மின்சாரத்தைத் தருவது தட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்தான். அதன் சுழலியில் நிலைக்காந்தம் இருப்பதால், தண்டைத் திருப்பியதும் கம்பிச்சுருள்களில் மின்னழுத்தம் பிறக்கிறது. மோட்டார் அப்போது ஜெனரேட்டர். வேகம் கூடக்கூட அழுத்தமும் கூடும்.

இந்த மின்சாரம் மோட்டாரை இயக்கும் டிரைவர் சில்லை அடைகிறது. சில்லின் டிரான்சிஸ்டர்களோடு சேர்ந்தே அமைந்த டயோடுகள் அதை ஒருதிசை மின்சாரமாக்கி, பொறியின் கட்டுப்பாட்டுப் பலகையின் மின்வழங்கல் தடத்துக்குள் செலுத்துகின்றன. அங்குள்ள கெப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன. திரை ஒளிர்வதால் மட்டும் கேடில்லை. அழுத்தம் சில்லின் வரம்பைத் தாண்டுவதே ஆபத்து. பரவலாகப் பயன்படும் ஏ4988 சில்லின் வரம்பு 35 வோல்ட். மெதுவான நகர்த்தலில் அந்த அளவு எட்டுவது அரிது.

ஆகவே மெல்ல நகர்த்துவதே முதல் பாதுகாப்பு. அதைவிட நல்லது, பொறியின் மெனு வழியாகவே மோட்டாரை இயக்குவது. அடிக்கடி கையால் திருப்ப வேண்டிய பொறிகளில், மிகை அழுத்தத்தை உறிஞ்சும் டிவிஎஸ் டயோடை மின்வழங்கல் தடத்தில் இணைக்கலாம். மோட்டார் இணைப்பைக் கழற்றுவதும் வழிதான். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும். ஓட்டத்தில் பிடுங்கினால் சுருளில் எழும் அழுத்தவீச்சு டிரைவரை எரித்துவிடக்கூடும். கைத்தள்ளலைவிட இந்த அவசரமே அதிகச் சில்லுகளைப் பலிவாங்கும் எனலாம்.