எழுத்தெண்ணினால் மொழி வந்துவிடுமா?

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் வேண்டும். மூன்றாவது எழுத்து 'ஏ', ஐந்தாவது 'இ' என்று கைப்பேசியில் தட்டினால் கிரேன், ஃபிரேம், பிளேட், பிளேடு, பிரேக், ஸ்கேல், கிரேடு என்று சொற்கள் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அன்றாடம் புழங்கும் சொற்கள்தான் இவை. சொல்பவர்களில் பலர் இவற்றை ஒருமுறைகூட ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதே ஏழு சொற்களையும் நொடியில் கண்டெடுக்கும் பள்ளிப்பிள்ளைக்கோ, ஸ்கேல் எதை அளக்கும், பிரேக் எதை நிறுத்தும் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டில் எது ஆங்கில அறிவு? எழுத்தின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்துச் சொல் தேடும் பயிற்சியை 'வேர்டு பவர்' என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பது இப்போது சகஜமாகிவிட்டது. அது நல்ல விளையாட்டு, மறுப்பில்லை. ஆனால் பொருளைக் கழற்றிவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது மொழிப்பாடம் ஆகாது.

மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டிய, உலகமே ஆடிய 'வேர்டில்' விளையாட்டின் பிறப்பிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஜோஷ் வார்டில் தன் துணைவி பாலக் ஷாவுக்காக உருவாக்கி 2021-இல் பொதுவெளியில் விட்ட விளையாட்டு அது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் பன்னிரண்டாயிரம் வார்டிலின் கையில் இருந்தன. அத்தனையையும் விடைப் பட்டியலில் போட்டால் விளையாட்டு விளங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாலக் ஷா ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, தெரியும், தெரியாது என்று பிரித்து, சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறாகக் குறைத்துக் கொடுத்தார். அகராதியில் இருக்கும் எழுத்துக்கோவைக்கும் மனிதருக்குத் தெரிந்த சொல்லுக்கும் இடையே அவ்வளவு தூரம். எந்த நிரலும் அந்தத் தூரத்தைத் தானாக அளந்து சொல்லவில்லை. சொற்களோடு வாழ்ந்த ஒருவர் உட்கார்ந்து சலிக்க வேண்டியிருந்தது.

ஆட்டத்துக்குள்ளே நடப்பதையும் பார்க்கலாம். கடைசி நான்கு எழுத்து 'ஐ, ஜி, எச், டி' என்று முதல் முயற்சியிலேயே தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று சாதாரணச் சொற்களே எட்டு. போட்டது ஒன்று போக மீதி ஏழு. கையில் உள்ள வாய்ப்போ ஐந்து. ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கும் இங்கே கூடுதல் சலுகை கிடையாது. கைதேர்ந்த ஆட்டக்காரர் 'ஃபிலிம்ஸ்' என்று வேறொரு சொல்லைப் போட்டு, எஃப், எல், எம், எஸ் ஆகிய நான்கு முதலெழுத்துகளையும் ஒரே வீச்சில் சோதித்துவிடுவார். திறமைதான், ஆனால் அது கழித்துக்கட்டும் கணக்குத் திறமை. இந்தத் திறமை உச்சத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நைஜல் ரிச்சர்ட்ஸ் இருக்கிறார். நியூசிலாந்துக்காரரான இவர் 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரம் அகராதிச் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். 2024-இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அதே போல் வென்றார். பட்டம் கையில், மொழி இல்லை.

நம் ஊரில், எழுத்தை வைத்துச் சொல் தேடும் விவகாரம் நீதிமன்றப் படியே ஏறியிருக்கிறது. 1930-களில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் இதழில் பரிசுடன் வந்த குறுக்கெழுத்துப் போட்டிகள் வாசகரைக் கட்டிப்போட்டன. நாடு முழுக்கப் பணம் கட்டி ஆடும் சொற்போட்டிகள் பெருகின. பொருந்தக்கூடிய சொல் இரண்டு மூன்று இருக்கும். நடத்துபவர் முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்தது எதுவோ அதுவே 'சரியான' விடை. சென்னை உள்ளிட்ட பல மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நாடாளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. எழுத்து, சொல், எண் இவற்றை அடுக்கியும் மாற்றியும் விடை காணும் போட்டிகளைப் பெயர் சொல்லியே அது வளைத்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. 1957-இல், இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், கணிசமான திறமை தேவைப்படும் போட்டிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, சூதாட்டத் தன்மை கொண்டவற்றையே கட்டுப்படுத்தும் என்று பிரித்துச் சொன்னது. ஒரு கட்டத்துக்குப் பல சொற்கள் பொருந்தும்போது, அவற்றில் ஒன்றை அறிந்து தேர்வதற்கு இருக்கும் ஒரே பிடி குறிப்புதான். குறிப்பு மழுப்பலாக இருந்தால் மிஞ்சுவது அதிர்ஷ்டம்.

எழுத்தை மட்டும் எண்ணுவது மொழிப்பாடம் ஆகாது என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆங்கிலத்தின் சிக்கலே எழுத்துக்கூட்டல்தானே, அதற்கு எழுத்தை எண்ணித்தானே பழக வேண்டும் என்பார்கள். நியாயம்தான். 'காக்களூர்' என்பது தமிழில் ஐந்தெழுத்து, ஒலிப்பது போலவே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எட்டெழுத்து, 'யு'வுக்குப் பதில் இரண்டு 'ஓ' போட்டால் ஒன்பது. பட்டறையில் 'கேஜ்' என்றும் 'லேத்' என்றும் சொல்வதைத் தமிழில் இரண்டிரண்டு எழுத்தில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுமே ஐந்தெழுத்து. 'கேஜ்' என்பதற்குள் ஒரு 'யு' ஒளிந்திருப்பதைக் காது காட்டிக்கொடுக்காது. அதனால் காதால் சொல் கற்ற வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து இடம் பார்த்துத் தேடும் பயிற்சி மற்றவர்களைவிட அதிகமாகவே உதவும். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பொருள் முன்பே தெரியும், குறை எழுத்தில்தான் என்பதால்தான் அது உதவுகிறது. பொருளும் தெரியாமல் எழுத்தும் தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம் வெறும் கட்டத்தை நீட்டினால் அது ரிச்சர்ட்ஸ் வழி. ஒன்பது வாரத்தில் அகராதியை விழுங்கும் நினைவாற்றல் அவருக்கு இருந்தது, எல்லோருக்கும் வாய்க்காது.

விளையாட்டை விளையாட்டாகவே விடுங்களேன், எல்லாவற்றிலும் பாடம் தேட வேண்டுமா என்றும் கேட்கலாம். பெரியவர்கள் காலையில் காபியோடு ஆடுவதை யாரும் தடுக்கவில்லை. கல்வி என்ற பெயரில் பிள்ளைகளின் நேரத்தை எடுத்துக்கொள்ளும்போதுதான் கேள்வி வருகிறது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்ணறிவும் எழுத்தறிவும் தருவதற்கான தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்டதே இந்தத் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். இங்குள்ள ஆசிரியர்கள் அடுத்த முறை ஐந்தெழுத்துக் கட்டம் போடும்போது சொற்களை இணையத்திலிருந்து இறக்க வேண்டாம். வால்வு, டிரில், ஸ்குரூ, மோட்டார், பிரஸ், ஷிப்டு, கேஜ் எல்லாமே ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துதான். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒருவரிக் குறிப்பு எழுதுங்கள். விடை தெரியாத பிள்ளை, வேலை முடிந்து வரும் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு வரட்டும்.