மறைத்தால் மறைவதில்லை நோய்



தக்கலை, குளச்சல், தேங்காப்பட்டணம், திருவிதாங்கோடு என நம் குமரி மாவட்டத்து ஊர்களில் வளைகுடா வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அந்நாடுகளுக்குச் செல்வோருக்கு நடத்தப்படும் மருத்துவச் சோதனையில், எய்ட்ஸ் கிருமிக்கும் ‘சிபிலிஸ்’ என்னும் கிரந்தி நோய்க்கும் இரத்தம் பார்க்கப்படுகிறது. ‘அன்பிட்’ என்று முடிவு வந்தால், விசா போயிற்றே என்று வீட்டார் கலங்குவர். சம்பந்தப்பட்டவரோ, காரணத்தை எவரிடமும் கூறாது, அந்தத் தாளை மடித்து வைத்துக்கொள்வார். முதற்சோதனை சில வேளை தவறாகவும் இருக்கலாம். மறுசோதனை செய்து பார்க்கவும் வெட்கம் தடுத்துவிடுகிறது.

சிபிலிஸ் ஏமாற்றும் நோய். முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. மருந்தின்றியே சில வாரங்களில் ஆறிவிடும். பின்னர் வரும் தடிப்புகளும் தாமாகவே மறையும். நோய் நீங்கியதென்று மனிதர் நிம்மதி கொள்வார். கிருமியோ உடலினுள் தங்கியிருந்து, 10 முதல் 30 ஆண்டுகளுக்குப் பின்னரும் சிலருடைய இதயத்தையும் மூளையையும் கண்களையும் தாக்கும். கருவுற்ற பெண்ணிடம் இருந்தால் கரு சிதையலாம். குழந்தை இறந்தும் பிறக்கலாம். ஆரம்ப நிலையில் பெரும்பாலும் ஒரே பெனிசிலின் ஊசியால் இந்நோய் குணமாகும். ஆனால், சிதைந்துபோன உறுப்பை அம்மருந்து மீட்டுத் தராது.

‘கொனோரியா’ என்னும் வெட்டை நோயும் ‘கிளமிடியா’வும் பெண்களிடம் பல நேரங்களில் அறிகுறியே காட்டுவதில்லை. சிகிச்சையின்றி விட்டால் கருக்குழாய்கள் வீங்கித் தழும்பேறி அடைபடலாம். பிள்ளைப்பேறு அற்றுப்போகலாம், கருக்குழாயிலேயே கரு தங்கித் தாயின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். நம் சமூகத்தில் அப்போது ‘மலடி’ என்னும் பழியைச் சுமப்பவள் யார்? கணவனுக்கு மறுமணப் பேச்சு எழும்போது கண்ணீர் விடுபவள் யார்? எண்ணிப் பாருங்கள்!

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமியை 1986-இல் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ஆவர். பிற்காலத்தில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர், கணவரையன்றி வேறொருவரை அறியாத இல்லத்தரசிகளே. பால்வினை நோயால் உண்டாகும் புண், எய்ட்ஸ் கிருமி நுழையவும் வழி திறந்துவிடுகிறது. ஒருவர் மறைத்த நோயின் சுமை, ஏதுமறியாத மனைவி மீதும் பிறக்கும் குழந்தை மீதும் இறங்குகிறது.

மதரஸாவில் குளிப்பின் சட்டங்களையும் மாதவிடாயின் சட்டங்களையும் நாங்கள் வெட்கப்படாமல் கற்பிக்கிறோம். மார்க்கத்தை அறிய வெட்கம் தடையாகாதெனில், மருத்துவரிடம் உண்மையைக் கூற மட்டும் அது தடையாகலாமா? செய்த தவறுக்குப் பாவமன்னிப்புத் தேடுவது ஒரு கடமை. பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பது மற்றொரு கடமை. முன்னதைச் செய்துவிட்டோம் என்று பின்னதை விட்டுவிட இயலாது.

ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எய்ட்ஸ் சோதனை இலவசம். முடிவை வெளியே கூறமாட்டார்கள். 1097 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். எய்ட்ஸ் கிருமியை அடக்கி வைக்கும் மருந்தும் இன்று அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது.

கணவன், மனைவி இருவரும் ஒருசேரச் சிகிச்சை பெறுதல் அவசியம். ஒருவர் மட்டும் மருந்துண்டால், மற்றவரிடமிருந்து நோய் மீண்டும் தொற்றும். மடித்து வைத்த தாள் உங்கள் வீட்டிலும் இருக்குமாயின், இன்றே அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்!