வலியறியும் கல்வி

போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர், விபத்தில் கால் முறிந்து மருத்துவமனைக்கு வருகிறார். வலி தாளாமல் ஊசி கேட்கிறார். பழைய போதைக்கு ஏங்குகிறார் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் பெரும்பாலும் தவறு.

கனடா முதலிய நாடுகளில், அபின் வகைப் போதையிலிருந்து மீள்வோர் பலர் நாள்தோறும் ஒருவேளை மெத்தடோன் உட்கொள்கின்றனர். அம்மருந்து போதை வேட்கையை 24 மணி நேரம் அடக்கும். வலியையோ 6 முதல் 8 மணி நேரமே தணிக்கும். மருந்துதான் உட்கொள்கிறாரே என்று வாளாவிருந்தால், எஞ்சிய பொழுதெல்லாம் அவர் துன்புறுவார். உடல் அவ்வகை மருந்துக்குப் பழகிவிட்டதால் வழக்கமான அளவும் போதாது. தணியாத வலியே அவரை மீண்டும் போதைக்குத் தள்ளக்கூடும்.

இச்சிக்கலைத் தனியொருவர் அவிழ்த்தல் அரிது. மெத்தடோனை நிறுத்தாமல் வலிமருந்தின் அளவை வகுப்பவர் மருத்துவர். மருந்துகள் சேர்ந்து மூச்சை ஒடுக்காவண்ணம் ஆராய்பவர் மருந்தாளுநர். நள்ளிரவில் வலியின் ஏற்றத்தை முதலில் காண்பவர் செவிலியர். வீடு திரும்பியபின் மாத்திரைகள் யார் பொறுப்பில் இருக்கும் என்று கேட்கச் சமூகப் பணியாளருக்கே தோன்றும்.

இவர்களைத் தனித்தனி வகுப்பறைகளில் பயிற்றிவிட்டு, பணியில் மட்டும் ஒன்றுபடச் சொல்வது எங்ஙனம் கூடும்? கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டில், மருத்துவம், செவிலியம், மருந்தியல், பல் மருத்துவம், இயன்முறை மருத்துவம் முதலிய துறைகளின் மாணவர்களை ஒருங்கே அமர்த்தி, 20 மணி நேர வலிக் கல்வியை வழங்கத் தொடங்கியது. போதையிலிருந்து மீள்வோருக்கான பயிற்சிக்கும் இம்முறை பொருந்தும். அதில் மாணவர் முதலில் பழக வேண்டியது சொல்லாட்சி. ‘போதை அடிமை’ என்று நோயாளியின் குறிப்பேட்டில் ஒருவர் எழுதிவைத்தால், அடுத்துப் பணிக்கு வருபவரின் செவியை அச்சொல் அடைத்துவிடும்.